இரண்டரை நிமிடத்துக்கு ஒரு ‘பீப்’: 555 டைமர் குறும்புச் சுற்றும் அதன் கோளாறுகளும்

தீப்பெட்டி அளவில் ஒரு சாதனம். அலமாரிக்குப் பின்னாலோ மேசைக்கு அடியிலோ ஒட்டிவிட்டால் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு தடவை கால் நொடி மட்டும் ‘பீப்’ என்று கத்திவிட்டு அடங்கிவிடும். எங்கிருந்து வந்தது என்று தலையைத் திருப்புவதற்குள் சத்தம் முடிந்திருக்கும். அடுத்த சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பதுதான் இந்தக் குறும்பின் முழு லாபம். திங்க்கீக் நிறுவனம் விற்ற ‘அன்னாய்-அ-ட்ரான்’ இந்த வகைக்குப் பேர்போனது. கையால் செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு 555 டைமர்களில் (நேரம் அளக்கவும் ஒலி எழுப்பவும் உதவும் எட்டுக் கால் ஐசி, அதாவது சில்லு) முடித்துவிடுகிறார்கள்.

காகிதத்தில் சுற்று சரியாகவே இருக்கும், சூத்திரமும் சரியாகவே விடை தரும். ஆனால் கட்டி முடித்து பேட்டரியை மாட்டினால் பலருக்கும் நடப்பது ஒன்றுதான்: முதலில் சற்று நீளமான ஒரு பீப், பிறகு மௌனம். தப்பித்தவறி ஓடினாலும் இரண்டு நாளில் பேட்டரி காலி. இந்த ஆய்வு அப்படிப்பட்ட ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு, கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, மாதக்கணக்கில் ஓடும் வடிவத்துக்குக் கொண்டுபோகிறது.

முதல் வடிவம்

இரண்டு என்இ555 (555-இன் பழைய, பரவலான வகை), ஒரு 9 வோல்ட் பேட்டரி. முதல் டைமர் நேரத்தை அளக்கிறது, இரண்டாவது ஒலியை உண்டாக்குகிறது.

நேர டைமரில் பேட்டரியின் பிளஸிலிருந்து 7-ஆம் காலுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். 7-ஆம் காலிலிருந்து, ஒன்றாக இணைத்த 2, 6-ஆம் கால்களுக்கு 10 மெகா ஓம். அந்த 10 மெகா ஓமின் குறுக்கே 1என்4148 டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்), அதன் கோடு போட்ட முனை 2, 6 பக்கம். 2, 6-இலிருந்து தரைக்கு, அதாவது பேட்டரியின் மைனஸுக்கு, 22 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகம்). 3-ஆம் கால் இரண்டாவது டைமரின் 4-ஆம் காலுக்கு, அதாவது ரீசெட்டுக்கு (கீழே இருந்தால் டைமரை அடக்கி வைக்கும் கால்) போகிறது.

ஒலி டைமர் வழக்கமானதுதான்: 1 கிலோ ஓம், 22 கிலோ ஓம், 10 நானோ ஃபாரட். அதிர்வெண் சுமார் 3.2 கிலோ ஹெர்ட்ஸ். 3-ஆம் காலுக்கும் தரைக்கும் இடையே 27 மில்லிமீட்டர் பீசோ தட்டு (மின்னழுத்தம் மாறும்போது அதிர்ந்து ஒலிக்கும் தட்டு).

டையோடு ஏன் என்பதைச் சொல்லியாக வேண்டும். டையோடு இல்லாத சாதாரண 555 சுற்றில் கெபாசிட்டர் இரண்டு ரெசிஸ்டர் வழியாக ஏறி, ஒன்று வழியாக இறங்கும். ஏறும் நேரத்தில் 3-ஆம் கால் மேலே (பேட்டரி மின்னழுத்தத்தின் பக்கம்), இறங்கும் நேரத்தில் கீழே (சுழியத்தின் பக்கம்). ஆகவே ‘மேலே’ இருக்கும் நேரம் எப்போதும் நீளமாக இருக்கும். நமக்கு வேண்டியது தலைகீழ்: கண நேரம் மேலே, வெகுநேரம் கீழே. டையோடு போட்டால் கெபாசிட்டர் 10 கிலோ ஓம் வழியாக வேகமாக நிரம்புகிறது, 10 மெகா ஓம் வழியாக மெல்ல வடிகிறது. டையோடில் விழும் 0.6 வோல்ட்டையும் கணக்கில் சேர்த்தால் பீப்பின் நீளம் 0.81 × 10 கிலோ ஓம் × 22 மைக்ரோ ஃபாரட், அதாவது 0.18 நொடி. மௌனம் 0.693 × 10 மெகா ஓம் × 22 மைக்ரோ ஃபாரட், அதாவது 152 நொடி.

முதல் பீப் மட்டும் நீளமாக வருவது கோளாறே இல்லை. பேட்டரி மாட்டும்போது கெபாசிட்டர் வெறுமையாக இருக்கும். சுழியத்திலிருந்து பேட்டரி மின்னழுத்தத்தின் மூன்றில் இரண்டு பங்கு (555-இன் மேல் எல்லை) வரை ஏற வேண்டியிருப்பதால் ஒன்றரை மடங்கு நேரம் எடுக்கும். பின்னர் மூன்றில் ஒரு பங்கிலிருந்துதான் (கீழ் எல்லை) ஏறும். இது ஒரு வசதி: பேட்டரி மாட்டியதும் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, ஒளித்துவைக்க இரண்டரை நிமிடம் தருகிறது.

இரண்டாவது பீப் வரவே இல்லை

இங்கேதான் மைக்ரோ ஆம்பியர்களை எண்ண வேண்டியிருக்கிறது. சூத்திரம் கெபாசிட்டரிலிருந்து மின்சாரம் 10 மெகா ஓம் வழியாக மட்டுமே போகிறது, வேறு எங்கும் போவதும் இல்லை வருவதும் இல்லை என்று நம்பிக்கொண்டு எழுதப்பட்டது. 9 வோல்ட் சுற்றில் கெபாசிட்டர் 6 வோல்ட்டிலிருந்து 3 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். 6 வோல்ட்டில் வடியும் மின்னோட்டம் 0.6 மைக்ரோ ஆம்பியர். 3 வோல்ட்டை நெருங்கும்போது வெறும் 0.3 மைக்ரோ ஆம்பியர்.

என்இ555-இன் 2-ஆம் காலுக்குள் இருப்பது பிஎன்பி டிரான்சிஸ்டர். அந்தக் கால் மூன்றில் ஒரு பங்கு மின்னழுத்தத்தை நெருங்கியதும் அதிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறிது மின்னோட்டம் வரத் தொடங்கும். தரவுத்தாளில் (தயாரிப்பாளர் வெளியிடும் விவரக் குறிப்பில்) வழக்கமான மதிப்பு 0.5 மைக்ரோ ஆம்பியர், உச்சவரம்பு 2. கால் சுழியத்தில் இருக்கும்போது அளந்த மதிப்புகள் இவை. எல்லையருகே குறைவாக இருக்கும். ஆனாலும் நம் 0.3-ஐத் தோற்கடிக்க அது போதும். ஓட்டை வாளியில் வடியும் வேகத்திலேயே மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் மட்டம் இறங்குமா? கெபாசிட்டர் 3 வோல்ட்டைத் தொடும் தூரத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. டைமருக்கு இறங்கும் எல்லை எட்டவே இல்லை.

சில ஐசி தப்பிவிடும், சில மாட்டிக்கொள்ளும். ஒரே பட்டையிலிருந்து எடுத்த இரண்டில் ஒன்று ஓடி மற்றொன்று ஓடாவிட்டால் சாலிடரைச் சந்தேகிக்கும் முன் இதைச் சந்தேகிக்கலாம். சோதனை எளிது: 10 மெகா ஓமை எடுத்துவிட்டு 1 மெகா ஓம் போடுங்கள். 15 நொடிக்கு ஒரு முறை பிசகாமல் பீப் வந்தால் இணைப்புகளில் குற்றமில்லை. ஐசியின் உள்ளீட்டு மின்னோட்டம்தான் குற்றவாளி. என்இ555 தரவுத்தாளே 5 வோல்ட்டில் மொத்த ரெசிஸ்டர் சுமார் 3.4 மெகா ஓமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அது 6-ஆம் காலின் மின்னோட்டத்தை வைத்துச் சொன்னது. 2-ஆம் கால் அதைவிட மோசம்.

தீர்வு ஐசியை மாற்றுவதுதான். டிஎல்சி555, எல்எம்சி555, ஐசிஎம்7555 மூன்றும் சிமாஸ் வகை (மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஐசி வகை). கால் வரிசை அதேதான், உள்ளீட்டு மின்னோட்டம் பிக்கோ ஆம்பியர் கணக்கில். சாக்கெட்டில் மாற்றிச் செருகினால் மௌனம் கலைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. மேலே சிமாஸ் பெயர் அச்சிட்டு உள்ளே பழைய வகை இருக்கும் ஐசி கடைகளில் உலவுவதுண்டு. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஒரு நிமிடச் சோதனை நல்லது: 1-ஆம் காலைத் தரையோடும், 8, 4 இரண்டையும் 5 வோல்ட்டோடும் இணைத்து, 2, 6 இரண்டையும் சேர்த்துத் தரையில் கட்டி, விநியோகக் கம்பியில் மில்லி ஆம்பியர் மீட்டரை வையுங்கள். சில மில்லி ஆம்பியர் காட்டினால் அது என்இ555. 0.3-க்குக் கீழே என்றால் சிமாஸ்.

பேட்டரியைத் தின்பது யார்

என்இ555 சும்மா இருக்கும்போதே 5 வோல்ட்டில் சுமார் 3 மில்லி ஆம்பியரும் 15 வோல்ட்டில் சுமார் 10 மில்லி ஆம்பியரும் எடுக்கும். 9 வோல்ட்டில் இரண்டு ஐசி என்றால் 10-ஐ எளிதாகத் தொடும். 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியின் கொள்ளளவு 500 மில்லி ஆம்பியர்-மணி அளவு. ஐம்பது மணி நேரத்தில் கதை முடிந்தது. 1972-இல் சிக்னெடிக்ஸ் இந்த ஐசியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது பட்டன் செல்லில் மாதக்கணக்கில் ஓட்டுவது யாருடைய கவலையாகவும் இருந்திருக்காது.

சிமாஸுக்கு மாறியதும் இரண்டு ஐசிக்கும் சேர்த்து 0.2, 0.3 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிட வேண்டும். ஆனால் மீட்டர் இன்னும் 1 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டும். அந்த மிச்சத்தின் ஊற்று 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். மௌனமாக இருக்கும் 152 நொடியும் 7-ஆம் கால் தரையோடு இணைந்தே இருக்கிறது. ஆகவே பிளஸிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக நேராகத் தரைக்கு 0.9 மில்லி ஆம்பியர் வீணாக ஓடிக்கொண்டிருக்கிறது. சுற்று எதுவும் செய்யாத நேரத்தில்தான் அதிகம் செலவழிக்கிறது! இணையத்தில் சுற்றும் பல படங்களில் இந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.

7-ஆம் காலை விட்டுவிட்டு 3-ஆம் காலைப் பயன்படுத்தினால் இது தீரும். சிமாஸ் டைமரின் 3-ஆம் கால் மேலே போகும்போது கிட்டத்தட்ட முழு மின்னழுத்தத்துக்கும், கீழே வரும்போது கிட்டத்தட்ட சுழியத்துக்கும் போகும். 3-ஆம் காலிலிருந்து 2, 6 சந்திப்புக்கு 10 மெகா ஓம் ஒரு பாதை. அதே இரண்டு இடங்களுக்கு இடையே 10 கிலோ ஓமும் 1என்4148-உம் தொடராக இன்னொரு பாதை. மேலே இருக்கும்போது டையோடு வழியாக நிரம்பும், கீழே இருக்கும்போது 10 மெகா ஓம் வழியாக வடியும். பிளஸிலிருந்து தரைக்கு நேர்வழி எதுவும் இல்லை. 7-ஆம் கால் எதிலும் படாமல் சும்மா இருக்கட்டும்.

இந்த மாற்றத்தை என்இ555-இல் செய்ய வேண்டாம். அதன் 3-ஆம் கால் மேலே போனாலும் பேட்டரி மின்னழுத்தத்தைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைவாகவே நிற்கும். கணக்கு எல்லாம் கோணும். டையோடிலும் சிக்கனம் பார்க்கிறேன் என்று ஷாட்கி வகை போட வேண்டாம். அதன் பின்னோக்கிய கசிவு மைக்ரோ ஆம்பியரைத் தொடக்கூடும். 10 மெகா ஓம் பக்கத்தில் அப்படியொரு கசிவு இருந்தால் நேரத்தை முடிவுசெய்வது ரெசிஸ்டர் இல்லை, டையோடுதான்.

152 நொடி ஏன் 70, 80 ஆகிறது

அடுத்த புகார் இது. இங்கே சந்தேகப்பட வேண்டியவை மூன்று.

முதலாவது கெபாசிட்டரின் சொந்தக் கசிவு. எலக்ட்ரோலிட்டிக் வகைக்கு உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் பொதுவாக 0.01 × மைக்ரோ ஃபாரட் × வோல்ட், அல்லது 3 மைக்ரோ ஆம்பியர், இதில் எது பெரிதோ அது. 22 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் என்றால் 3.5 மைக்ரோ ஆம்பியர் வரை கசிந்தாலும் அது ‘நல்ல’ கெபாசிட்டர்தான். நம் ரெசிஸ்டர் எடுப்பதோ அரை மைக்ரோ ஆம்பியர். உண்மையில் பெரும்பாலானவை உத்தரவாதத்தைவிட மிகக் குறைவாகவே கசியும், அதனால்தான் சுற்று ஓடுகிறது. ரெசிஸ்டரைக் குறைத்துக் கெபாசிட்டரைப் பெருக்கினால் சரியாகும் என்று தோன்றும். ஆகாது: கெபாசிட்டர் இரட்டிப்பானால் கசிவும் இரட்டிப்பாகும், விகிதம் நகராது.

ஆனால் மௌன நேரத்தை வடிதலில் வைத்ததன் பலன் இங்கே தெரியும். இதே நேரத்தை நிரம்புதலில் வைத்திருந்தால், கசிவு மிஞ்சும் கணத்தில் கெபாசிட்டர் மேல் எல்லையை எட்டாமல் சுற்று நின்றே போகும். வடிதலில் வைத்தால் கசிவும் ரெசிஸ்டரோடு சேர்ந்து அதே திசையில் இழுக்கிறது. இடைவெளி குறுகும், ஆனால் பீப் நிற்காது. ஒளித்துவைத்த சாதனம் சீக்கிரம் கத்துவதில் தவறில்லை, கத்தாமலே போவதுதான் தவறு. வெகுநாள் டப்பாவில் கிடந்த கெபாசிட்டர் முதலில் அதிகம் கசிந்து, மின்னழுத்தத்தில் இருக்க இருக்கத் தேறும். முதல் மணி நேரத்தில் இடைவெளி மெல்ல நீண்டுகொண்டே போனால் அதுதான் காரணம். இறுதியில் வரப்போகும் 3 வோல்ட் சுற்றுக்கு 25 அல்லது 35 வோல்ட் கெபாசிட்டர் போடுவது நல்ல பழக்கம்: அதன் எல்லைக்கு வெகு கீழே வேலை செய்வதால் கசிவு நன்றாகக் குறையும்.

இரண்டாவது, பலகையின் அழுக்கு. நம் ஊரில் சாலிடர் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவுவது வழக்கம். 2, 6 சந்திப்பைச் சுற்றி அதன் பிசுக்கு இருந்தால், ஈரமான நாளில் அதுவே ஒரு ரெசிஸ்டராக மாறும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் போதும்.

மூன்றாவது குற்றவாளி கையிலேயே இருக்கிறது: மல்டிமீட்டர். டிஜிட்டல் மீட்டரின் உள்ளீட்டுத் தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். கெபாசிட்டர் எப்படி இறங்குகிறது பார்ப்போம் என்று அதன் குறுக்கே மீட்டரை வைத்தால், இன்னொரு 10 மெகா ஓமை இணையாகச் சேர்த்ததாகிறது. இடைவெளி சரிபாதி. மீட்டரை எடுத்ததும் ‘கோளாறு’ மறைந்துவிடும். அளப்பதானால் 3-ஆம் காலில் அளக்க வேண்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டரை நிமிடம் காத்திருப்பது பொறுமையைச் சோதிக்கும். சோதிக்கும்போது 10 மெகா ஓமின் குறுக்கே 100 கிலோ ஓமை முதலைக் கவ்வியால் மாட்டிக்கொண்டால் இடைவெளி ஒன்றரை நொடியாகும், பீப்பின் நீளம் கிட்டத்தட்ட மாறாது. இணைப்புப் பிழைகளை அப்படியே தேடி முடித்துவிட்டு, கசிவுப் பிழைகளுக்கு மட்டும் முழு நேரத்தில் ஓட்டுங்கள்.

பட்டன் செல்லும் பஸ்ஸரும்

சாதனத்தைச் சிறிதாக்க ஆசைப்பட்டு 9 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டு சிஆர்2032 பட்டன் செல்லும், பீசோவுக்கும் ஒலி டைமருக்கும் பதிலாக 12 மில்லிமீட்டர் ‘ஆக்டிவ்’ பஸ்ஸரும் (மின்சாரம் கொடுத்தாலே தானாக ஒலிப்பது) போடுகிறவர்கள் உண்டு. சிமாஸ் ஐசி 2 வோல்ட் வரை ஓடும் என்பதால் கணக்கு சரிபோலத் தெரியும். விளைவு இரண்டு விதம். ஒன்று, இடைவெளி பாதியாகிவிடும். அல்லது பீப்புக்குப் பதில் ‘கிர்ர்’ என்று இருமும்.

555-இன் இரண்டு எல்லைகளும் விநியோக மின்னழுத்தத்தின் பங்குகள், நிலையான வோல்ட் இல்லை. விநியோகம் ஆடினால் எல்லைகளும் கூடவே ஆடும். பஸ்ஸர் 30 மில்லி ஆம்பியர் வரை கேட்கும். செல்லின் உள் தடை 30 ஓம் என்று வைத்துக்கொண்டால் பீப் நேரத்தில் 3 வோல்ட் 2.1 ஆக விழும். மேல் எல்லை 2.0-இலிருந்து 1.4-ஆகிறது. கெபாசிட்டர் 1.4-லேயே திருப்தியடைந்து பீப்பை முடித்துவிடும். உடனே செல் 3 வோல்ட்டுக்குத் திரும்பும், கீழ் எல்லை மீண்டும் 1.0. இப்போது 2.0-இலிருந்து 1.0-க்கு வடிய வேண்டிய கெபாசிட்டர் 1.4-இலிருந்தே புறப்படுகிறது. கணக்கிட்டால் இடைவெளி பாதிக்கும் சற்றுக் குறைவு.

செல் பழசாகி மின்னழுத்தம் பாதியாக விழும் நிலை வந்தால் நிலைமை விபரீதம். அப்போதைய மேல் எல்லை, விழுவதற்கு முந்தைய கீழ் எல்லைக்குச் சமமாகிவிடும். பீப் தொடங்கிய கணமே முடிகிறது, முடிந்ததும் செல் மீள்கிறது, மீண்டதும் மறுபடி தொடங்குகிறது. அந்தத் தொடர்தான் ‘கிர்ர்’.

உறுதிசெய்ய: பஸ்ஸரைக் கழற்றிவிட்டு எல்இடியும் 1 கிலோ ஓமும் மாட்டி இடைவெளியை அளக்கவும். எல்இடியில் இரண்டரை நிமிடம், பஸ்ஸரில் ஒன்றேகால் நிமிடம் என்றால் குற்றம் செல்லில்தான். செல்லின் குறுக்கே 100 மைக்ரோ ஃபாரட் வைப்பது ஓரளவே உதவும். கால் நொடிக்கு 30 மில்லி ஆம்பியரைத் தாங்கும் சக்தி அதற்குக் கிடையாது. பீசோ தட்டு எடுப்பது ஒரு மில்லி ஆம்பியரிலும் குறைவு. ஒரு ஐசி கூடுதலானாலும் பீசோ வழிதான் சரி.

இறுதி வடிவம்

இரண்டு ஏஏஏ செல் (3 வோல்ட்), இரண்டு டிஎல்சி555. விநியோகத்தின் குறுக்கே 100 மைக்ரோ ஃபாரட் ஒன்று, ஒவ்வொரு ஐசியின் 1, 8-ஆம் கால்களுக்கு ஒட்டியபடி 100 நானோ ஃபாரட்.

நேர டைமர் மேலே சொன்ன மாற்றத்தோடு: 10 மெகா ஓம், 10 கிலோ ஓம், 1என்4148, 22 மைக்ரோ ஃபாரட் 35 வோல்ட். 4-ஆம் கால் பிளஸில். 3 வோல்ட்டில் டையோடின் பங்கு கூடுதலாகத் தெரிவதால் பீப் 0.24 நொடியாக நீளும், செல் 2.4-க்கு இறங்கும்போது 0.29. காதுக்கு வித்தியாசம் தெரியாது.

ஒலி டைமரின் 4-ஆம் கால் நேர டைமரின் 3-ஆம் காலில். 3-ஆம் காலிலிருந்து 2, 6 சந்திப்புக்கு 18 கிலோ ஓம், அங்கிருந்து தரைக்கு 10 நானோ ஃபாரட் பாலியெஸ்டர். அதிர்வெண் 4 கிலோ ஹெர்ட்ஸ். 18-க்குப் பதில் 10 கிலோ ஓமும் 20 கிலோ ஓம் பிரிசெட்டும் (திருகித் தடையை மாற்றும் ரெசிஸ்டர்) தொடராகப் போட்டால், தட்டு எந்த அதிர்வெண்ணில் அதிகம் கத்துகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம். பீசோவுக்குத் தொடராக 220 ஓம்.

ஐசி இரண்டும் சேர்ந்து 0.2 மில்லி ஆம்பியர் என்று தாராளமாக வைத்தாலும், 1000 மில்லி ஆம்பியர்-மணி ஏஏஏ செல் ஐயாயிரம் மணி நேரம், ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும். அதற்குள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

பீசோ தட்டைப் பொருத்துவதில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். வெறுமனே தொங்கும் தட்டு கொசுபோல முனகும். முழுவதும் ஹாட் குளூ பூசினால் அதுவும் போய்விடும். டப்பா மூடியில் சில மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டு, தட்டின் விளிம்பை மட்டும் வட்டமாக ஒட்டி, துளைக்கும் தட்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் காற்றிடம் விட்டால் அதே 3 வோல்ட்டில் சத்தம் எழும். போதாதென்றால் மூன்று செல். எல்லைகள் பங்குகளாக இருப்பதால் இடைவெளி மாறாது.

அதிர்வெண் தேர்வில் ஒரு நுணுக்கம். சுமார் 1.5 கிலோ ஹெர்ட்ஸுக்கும் 3 கிலோ ஹெர்ட்ஸுக்கும் இடையே சத்தம் வரும் திசையைப் பிடிக்க நம் காது மிகவும் தடுமாறும். அங்கே இறங்கினால் கண்டுபிடிப்பது கடினமாகும், ஆனால் பீசோ சத்தமும் குறையும். 35 மில்லிமீட்டர் தட்டு கிடைத்தால் இரண்டையும் ஓரளவு சேர்த்துப் பெறலாம்.

இருட்டில் மட்டும் கத்த வைக்க: நேர டைமரின் 4-ஆம் காலைப் பிளஸிலிருந்து பிரித்து, 470 கிலோ ஓம் வழியாகப் பிளஸுக்கும், ஓர் எல்டிஆர் (வெளிச்சம் பட்டால் தடை குறையும் ரெசிஸ்டர்) வழியாகத் தரைக்கும் இணைக்கவும். வெளிச்சத்தில் எல்டிஆர் சில கிலோ ஓமாகி டைமரை அடக்கி வைக்கும். அந்த நேரத்தில் கெபாசிட்டர் முழுதும் வடிந்துவிடுவதால், விளக்கை அணைத்த மறுகணமே நீளமான பீப் ஒன்று வரும். விளக்கைப் போட்டுத் தேடினால் மௌனம்.

அரை மணி போன்ற நீண்ட இடைவெளி வேண்டுமென்றால் 555-ஐ இழுக்காதீர்கள். சிடி4060 என்ற கவுன்ட்டர் (எண்ணும்) ஐசியில் 470 கிலோ ஓம், 0.1 மைக்ரோ ஃபாரட் பாலியெஸ்டர் வைத்தால் அதன் 3-ஆம் கால் அரை மணிக்கு ஒரு சுற்று வரும்; கசியும் கெபாசிட்டரே தேவையில்லை.

எங்கே வைக்கக் கூடாது

தெரிந்தவர் வீடு, தெரிந்தவர் அறை. அதற்கு வெளியே வேண்டாம். பேருந்து, ரயில், அலுவலகப் பொது இடம், பள்ளி, விமான நிலையம் எதிலும், பேட்டரியும் கம்பியும் வெளியே தெரிய பீப் ஒலிக்கும் பெட்டி விளையாட்டாகாது. 2007 ஜனவரி 31 அன்று பாஸ்டன் நகரில், கார்ட்டூன் விளம்பரத்துக்காகப் பாலங்களில் ஒட்டிய எல்இடி பலகைகளை வெடிகுண்டு என்று நினைத்து சாலைகளை மூடினார்கள். அந்த விளம்பரத்தின் பின்னிருந்த டர்னர் நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

புகை எச்சரிக்கைக் கருவி உள்ள வீடுகளில் இன்னொரு விஷயம். அதன் பேட்டரி தீரும்போது எழுப்பும் ஒலியும் 3 கிலோ ஹெர்ட்ஸ் அளவிலான ஒற்றைப் பீப்தான், நிமிடத்துக்கு ஒரு தடவை போல. உங்கள் சாதனம் அதைப் போலவே கத்தினால், தொல்லை தாங்காமல் உண்மையான கருவியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அங்கே 18 கிலோ ஓமுக்குப் பதில் 68 கிலோ ஓம் போட்டு ஒலியை ஒரு கிலோ ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுங்கள். மூடியின் உள்பக்கம் ‘விளையாட்டுச் சாதனம்’ என்றும் உங்கள் பெயரையும் எழுதி ஒட்டுங்கள்.